சன்னபட்டணத்துச் சிறுவண்டி

நுழையும் முன்

நீங்கள் குழந்தையாய் இருந்தபோது ஒரு பொம்மை வண்டியையேனும் உருட்டி விளையாடியிருப்பீர்கள். அதன் சக்கரம் கழன்றபோது அழுதும் இருப்பீர்கள். ஒரு சிறுவண்டி நேராக ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மரத்தால் சிற்றுந்தும் சரக்குந்தும் செய்யும் ஒரு வீட்டுப் பட்டறைக்குள் இப்பாடம் உங்களை அழைத்துச் செல்கிறது.

பழைய விளையாட்டு

சக்கரம் வைத்த பொம்மை மிகப் பழைமையானது. சிந்துவெளி நகரங்களில் ஒன்றான அரப்பாவை அகழ்ந்தபோது சுடுமண்ணால் ஆன சிறு வண்டிகள் கிடைத்தன. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. தச்சுவேலையால் அமைந்த, ஏறிச் செல்ல இயலாத சிறுதேரை உருட்டிக் களைத்த குழந்தைகள், பால் அருந்தி உறங்குவதை அந்நூல் காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்குச் ‘சிறுதேர்ப் பருவம்’ என்றே பெயரிட்டனர். தளர்நடை பயிலும் குழந்தை பிடித்துக்கொண்டு நடப்பதற்கு மூன்று சக்கர மர நடைவண்டியைத் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் காணலாம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். உங்கள் தந்தையோ தாயோ நடை பயின்ற நடைவண்டியின் கதையை அவர் கூறக்கூடும்.

பொம்மைகளின் ஊர்

கருநாடகத்தில், பெங்களூருவிலிருந்து மைசூருவுக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சன்னபட்டணம். பெயரைக் கேட்டு இதனைச் சென்னை என்று மயங்கிவிட வேண்டா. கன்னட மக்கள் இதனைப் ‘பொம்மைகளின் ஊர்’ என்று அழைக்கின்றனர். கன்னடத்தில் பொம்மையைக் ‘கொம்பெ’ என்றும் ‘பொம்பெ’ என்றும் கூறுவர். தெலுங்கில் ‘பொம்ம’ என்பர். மூன்று மொழிகளிலும் பொம்மைக்கு உறவுப் பெயர் வழங்குவதைக் காணுங்கள்.

மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து இவ்வூராருக்கு அரக்கு வண்ண மரவேலையைக் கற்பித்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அன்று தொடங்கிய தொழில் இன்றும் தொடர்கிறது. இங்குள்ள பலருக்குத் தொழிற்சாலை என்று தனியே ஒன்றில்லை. வீட்டின் முன்னறையே பட்டறை, குடும்பத்தாரே தொழிலாளர். ஒருவர் கடைசல் பொறியில் அமர்ந்திருப்பார். மற்றொருவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார். வேறொருவர் உறுப்புகளைப் பொருத்திக்கொண்டிருப்பார்.

மரமும் அரக்கும்

இவ்வூர்ப் பொம்மைகளுக்குரிய மரத்தை அங்குள்ளோர் ‘ஆலெ மரம்’ என்பர். இது விழுது விடும் நம் ஆலமரம் அன்று. இதற்குத் தமிழில் வெட்பாலை என்று பெயர். இதன் கட்டை வெண்மையானது, இழை நெருக்கமானது, உளிக்கு இணங்குவது. வெட்டிய மரத்தை உடனே பயன்படுத்துவதில்லை. ஈரம் வற்றும்வரை சில மாதங்கள் உலர வைப்பார்கள். ஈரமரத்தில் கடைந்த சக்கரம் முதல் நாள் வட்டமாகத்தான் இருக்கும். பின்னர் உலரும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அதனால் வட்டம் நீள்வட்டமாகும், விரிசலும் காணும். எனவே, காத்திருப்பதே இத்தொழிலின் முதல் வேலை.

வண்ணம் தருவது அரக்கு. சில மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பொருளே அது. நம் நாட்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் அரக்கு மிகுதியாகக் கிடைக்கிறது. அரக்கை இளக்கி, அதனோடு நிறப்பொருளைக் கலந்து, கோல்களாக உருட்டி வைத்துக்கொள்வார்கள். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், அவுரியிலிருந்து நீல நிறமும் எடுக்கும் வழக்கம் உண்டு.

சக்கரம் பிறக்கும் விதம்

வண்டி செய்வதில் சக்கரமே முதன்மையானது. முதலில் ஓர் உருளைக்கட்டையைக் கடைசல் பொறியில் பூட்டுவார்கள். முன்னாளில் வில்லின் நாணைக் கட்டையில் சுற்றிக் கையால் இழுத்துச் சுழற்றினர். இப்போது மின்விசை சுழற்றுகிறது. சுழலும் கட்டையில் உளியை வைத்ததும் மரச்சுருள்கள் பறக்கும். கட்டை சீரான உருளையாகும். பொறியில் இருக்கும்போதே அதன் நடுவில் துளையிட்டுவிடுவார்கள். கழற்றிய பிறகு கண்ணளவில் துளையிட்டால் அது சற்றேனும் விலகிவிடும். நடு விலகிய சக்கரம் ஏறி இறங்கித்தான் ஓடும்.

அடுத்து, சுழலும் கட்டையின்மேல் அரக்குக்கோலை அழுத்துவார்கள். உராய்வினால் வெப்பம் உண்டாகும். அவ்வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தின்மேல் படரும். இங்குத் தூரிகைக்கு வேலை இல்லை. பின்னர் உலர்ந்த தாழை மடலை அதன்மேல் அழுத்தித் தேய்க்க, வண்ணம் சமமாகப் பரவிப் பளபளக்கும். இறுதியில், ஒரே கட்டையிலிருந்து கூர்மையான உளியால் ஒவ்வொரு சக்கரமாக அரிந்து எடுப்பார்கள். ஒரு கட்டையில் பிறந்த சக்கரங்கள் ஆதலால் அவை யாவும் ஒரே அளவாக இருக்கும்.

வண்டி ஓடும் விதம்

சரக்குந்தின் உடலுக்குத் தட்டையான பலகை வேண்டும். அதன் முன்புறம் ஓட்டுநர் அறைக்கு ஒரு கட்டை. பின்புறம் சரக்கு ஏற்றுவதற்குத் தாழ்ந்த சுவர்கள். பலகையின் அடியில், குறுக்காக இரண்டு துளைகள். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் வண்டி நேரே செல்லாமல் வளைந்து செல்லும். ஒரு துளை உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருந்தால் வண்டி முன்னோக்கியோ பின்னோக்கியோ சாயும்.

துளையின் வழியாகச் செல்லும் கோலுக்கு அச்சு என்று பெயர். அச்சு சக்கரத்தில் இறுக்கமாகவும், வண்டியின் உடலில் தளர்வாகவும் இருக்க வேண்டும். சான்றாக, அச்சின் பருமன் 6 மில்லிமீட்டர் எனில், உடலில் இடும் துளை 7 மில்லிமீட்டர் இருக்கலாம். அந்த 1 மில்லிமீட்டர் வெற்றிடம்தான் வண்டியை ஓடச் செய்கிறது. அச்சின் முனையில் பசை தடவிச் சக்கரத்தைப் பொருத்தும்போது, ஒரு துளிப் பசை உடலின் துளைக்குள் வழிந்துவிட்டால் போதும். மறுநாள் அச்சு அசையாது. அழகிய வண்டி ஒன்று ஓடாத வண்டியாகிவிடும். ஆதலால், பொருத்துவதற்கு முன்பே துளையினுள் சிறிது மெழுகு தடவிக்கொள்வது நன்று.

பெரிய தேரின் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது அச்சின் முனையில் செருகும் சிற்றாணி, அதுவே அச்சாணி. உருவத்தால் சிறியர் என எவரையும் இகழலாகாது என்று கூறவந்த திருவள்ளுவர், அந்த அச்சாணியையே உவமையாகக் காட்டினார். பொம்மை வண்டியிலும் அவ்வாறே. கண்ணுக்குத் தெரிவது வண்ணம்; வண்டியை ஓட்டுவது கண்ணுக்குத் தெரியாத துளையும் அச்சும்.

விரிசல் கண்ட சக்கரம்

இத்தகைய பட்டறை ஒன்றில் நிகழக்கூடிய ஒரு காட்சியைக் காண்போம்.

மாலைக்குள் 24 சரக்குந்துகளை அனுப்ப வேண்டும். 96 சக்கரங்கள் கடைந்து முடிந்துவிட்டன. பள்ளியிலிருந்து வந்த மகள் அவற்றை எண்ணி அடுக்குகிறாள். தாய் ஒவ்வொரு சக்கரத்தையும் எடுத்து, சிறு மரக்கோலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார். ‘டக்’, ‘டக்’ என்று ஒலித்துக்கொண்டே வந்தவற்றுள் ஒன்று மட்டும் மங்கிய ஒலி தந்தது. தாய் அதனைத் தனியே எடுத்து வைத்தார். மகள் அதனை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தாள். மயிரிழை போன்ற ஒரு கோடு. அதன்மேலும் சிவப்பு அரக்கு நிறைந்திருந்தது.

“அம்மா, வண்ணம் விரிசலை மூடிவிட்டதே! இனி இது யாருக்குத் தெரியப் போகிறது?”

“வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால், குழந்தை வண்டியைக் கீழே போட்டால் சக்கரம் இந்தக் கோட்டில்தான் பிளக்கும். பிளந்த துண்டு குழந்தையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும்?”

“வேறு சக்கரமும் இல்லையே, அம்மா. ஒரு வண்டி குறைந்தால் அதற்கான பணமும் குறையுமே!”

“குறையட்டும். பணம் குறைந்தால் நாளை மீண்டும் உழைக்கலாம். இந்த வண்டி நம் கையை விட்டுப் போய்விட்டால், பிறகு நம்மால் ஒன்றும் செய்ய இயலாது.”

அன்று 23 வண்டிகளே சென்றன. ஒரு வண்டியின் விலை அவ்வார வருவாயில் குறைந்தது. மறுநாள் மாலை, தாய் சொல்லாமலேயே மகள் ஒரு மரக்கோலை எடுத்துக்கொண்டு புதிய சக்கரங்களின் அருகே அமர்ந்தாள்.

கைவினையும் காப்பும்

இயந்திரம் வார்த்த நெகிழிப் பொம்மைகள் மலிவாகச் சந்தைக்கு வந்தபின், சன்னபட்டணத்தில் பலர் இத்தொழிலைக் கைவிட்டனர். 2005-06-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த பொருளை இவ்வூர்ப் பெயரால் விற்பதை அது தடுக்கிறது.

2021 சனவரி முதல் நாளிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரமுத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. முத்திரை கேட்கப்படாத இடத்தில், அந்தத் தாய் சக்கரத்தைத் தட்டிக் கேட்டதே முத்திரையாகிறது.

நீங்கள் வாழும் பகுதியிலும் இத்தகைய ஊர் இருக்கலாம். ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்காவும் கொண்டபள்ளியும், மகாராட்டிரத்தில் சாவந்த்வாடியும், உத்தரப்பிரதேசத்தில் வாராணசியும் மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்றவை. அடுத்த முறை ஒரு மரவண்டியைக் கையில் எடுக்கும்போது, அதனைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செய்தவரின் உழைப்பை அங்கேதான் காண முடியும்.

அருஞ்சொற்பொருள்

கடைசல் – சுழலும் மரத்தை உளியால் செதுக்கி உருவாக்கும் வேலை
அரக்கு – பூச்சி சுரக்கும், வெப்பத்தில் இளகும் பொருள்
அச்சு – இரு சக்கரங்களை இணைக்கும் கோல்
அச்சாணி – சக்கரம் கழலாமல் காக்கும் ஆணி
உப்புத்தாள் – மரத்தைத் தேய்த்து மென்மையாக்கும் சொரசொரப்பான தாள்
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஈரமரத்தில் கடைந்த சக்கரம் என்னவாகும்?
2. கட்டை பொறியில் இருக்கும்போதே துளையிடுவது ஏன்?
3. அச்சு எங்கே இறுக்கமாகவும் எங்கே தளர்வாகவும் இருக்க வேண்டும்?
4. தூரிகை இல்லாமல் மரத்தில் வண்ணம் ஏறுவது எவ்வாறு?

ஆ. சிந்தித்து விடை எழுதுக.
1. “இனி இது யாருக்குத் தெரியப் போகிறது?” என்று மகள் கேட்டாள். அவ்விடத்தில் நீங்கள் இருந்தால் என்ன விடை கூறியிருப்பீர்கள்?
2. மறுநாள் மகள் மரக்கோலை எடுத்தது எதனைக் காட்டுகிறது?

இ. ஒலி வேறுபாடு அறிந்து தொடரில் அமைத்து எழுதுக.
1. மரம் – மறம்
2. அரம் – அறம்
3. ஒலி – ஒளி
(குறிப்பு: தச்சர் தேய்க்கும் கருவி அரம், நேர்மையான ஒழுக்கம் அறம், வீரம் மறம்.)

ஈ. வீட்டில் பேசுக, ஏட்டில் எழுதுக.
உங்கள் பெற்றோர் சிறுவயதில் விளையாடிய பொம்மைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் பெயர்களையும் அருகில் எழுதுக.

உ. செய்து பார்ப்போம்.
ஒரு சிறிய அட்டைப்பெட்டி, ஒரே அளவான நான்கு புட்டி மூடிகள், இரண்டு மூங்கில் குச்சிகள், குச்சியைவிடச் சற்று அகன்ற இரண்டு உறிஞ்சுகுழல்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்க. உறிஞ்சுகுழல்களைப் பெட்டியின் அடியில் இணையாக ஒட்டுக. மூடிகளின் நடுவில் துளையிடப் பெரியவர் ஒருவரின் உதவியைப் பெறுக. குச்சிகளைக் குழல்களில் செருகி, முனைகளில் மூடிகளைப் பொருத்துக. வண்டியைச் சாய்ந்த பலகையில் விட்டுப் பார்க்க. அது நேரே ஓடவில்லை எனில், குறை எங்கே உள்ளது எனக் கண்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.