வலிமையும் சமநிலையும்

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் எண்ணூர். பொறிப் படகுகள் பெருகுவதற்கு முன்னர், அக்கடற்கரையில் விடியற்காலையில் நின்றவர் இருவகைக் காட்சிகளைக் கண்டிருப்பர். ஒருபுறம், வலைக்கயிற்றைப் பற்றிப் பலர் வரிசையாக நின்று இழுப்பர். குதிகாலை மணலில் அழுந்த ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, அவர்கள் இழுக்கும்போது கடலே கரைக்கு வருவது போலத் தோன்றும். மற்றொருபுறம், கயிற்றாற் பிணைத்த சில மரங்களே கலமாக, அதன்மேல் ஒருவன் துடுப்பொடு நின்று செல்வான். அலை எழும்போது அவன் முழங்கால் மடங்கும். அலை தாழும்போது நிமிரும். அவன் மட்டும் வீழான். முன்னவர் காட்டியது வலிமை. பின்னவன் காட்டியது சமநிலை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உடலே நல்லுடல். உழைப்புக்கு மட்டுமன்றி விளையாட்டுக்கும் இஃது ஒக்கும்.

டென்னிஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒருவர்க்கு ஒருவர் ஆடும்போது அகலம் 27 அடி. வலையின் நடுவுயரம் 3 அடி. பந்தின் எடையோ 60 கிராமுக்கும் குறைவு. இத்துணைச் சிறு பந்தை அடிப்பதற்குப் பெருவலிமை எதற்கு என்று சிலர் வினவுவர். பந்து சிறிதே, ஆனால் ஆடுவோன் ஓடுகின்றான், ஓடியவன் உடனே நிற்கின்றான், நின்றவன் திரும்புகின்றான், திரும்பியவன் அடிக்கின்றான். ஒரே ஆட்டத்தில் இச்செயல் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றது.

அடிக்கும் ஆற்றல் கையிலே பிறப்பதாகக் கருதுவது பிழை. அது நிலத்தை உந்தும் காலிலே பிறந்து, இடுப்புக்கு ஏறி, உடலின் திருகலால் வளர்ந்து, தோள்வழியாகக் கைக்கும் மட்டைக்கும் சென்று சேர்கின்றது. ஏரியில் எவ்வளவு நீர் இருப்பினும், இடைவழியில் வாய்க்காலின் கரை உடைந்தால் கடைமடை வயலுக்கு நீர் பாயாது. அதுபோலவே, காலும் இடுப்பும் தளர்ந்தவன் அக்குறையைத் தன் கையால் நிரப்ப முயல்வான். அதனால் தோளும் முழங்கையும் நோவும்.

தோளின் அமைப்பு வியப்புக்குரியது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. அது பொருந்தும் குழியோ ஆழமற்றது. சிறு தட்டின்மேல் பெரும் பந்தை வைத்தது போன்ற இவ்வமைப்பினாலேதான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற இயலுகின்றது. அப்பந்து நழுவாதபடி நான்கு சிறு தசைகள் அதனைச் சூழ்ந்து பற்றியுள்ளன. பந்தை ஓங்கி அடித்தபின், விரைந்து செல்லும் கையைத் தடுத்து நிறுத்துவதில் தோளின் பின்புறத் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இறக்கத்தில் உருளும் வண்டியைப் பின்வாங்கிப் பிடிக்கும் காளைகளைப் போன்றவை அவை. ஓயாது ஆடுவோர்க்கு மார்பின் தசைகள் வலுப்பெறுகின்றன. பின்புறத் தசைகள் அதற்கு ஈடாக வலுப்பெறுவதில்லை. இச்சமமின்மையே தோள்நோவுக்கு ஒரு காரணம். கண்ணுக்குத் தோன்றாத இச்சிறு தசைகளைப் பேணுவதற்கு எளிய கருவியாக அமைந்தது ரப்பர்ப் பட்டை.

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பொருள் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், அதனைக் கந்தகத்தொடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் நெகிழ்ச்சியும் பெறும் என்று கண்டறிந்தார். வடசென்னைக்கும் ரப்பருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். அச்சிறு தொழிலே பின்னர் எம்.ஆர்.எப். என்னும் பெரிய டயர்த் தொழிலாக வளர்ந்தது.

இரும்புக் குண்டுக்கும் ரப்பர்ப் பட்டைக்கும் வேறுபாடு உண்டு. குண்டு எப்போதும் நிலத்தை நோக்கியே இழுக்கும். பட்டையோ, எத்திசையிற் கட்டப்படுகின்றதோ அத்திசையில் இழுக்கும். டென்னிஸ் ஆட்டத்தில் பக்கவாட்டு அசைவும் திருகலும் மிகுதியாதலால், அவ்வசைவுகளிலேயே தசைகளைப் பயிற்றப் பட்டை உதவுகின்றது. மேலும், குண்டின் எடை மாறாது. பட்டை நீள நீள அதன் எதிர்ப்பு மிகும். மெல்லிய பட்டையில் தொடங்கி, வலிமை வளருந்தோறும் தடித்த பட்டைக்குச் செல்லலாம்.

இனிப் பயிற்சி முறைகளைக் காண்போம். முதலாவது தோளுக்குரியது. பட்டையின் ஒரு முனையை இடுப்பளவு உயரத்தில் உறுதியான தூணிற் கட்டி, தூணுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தூணுக்கு அப்பாலுள்ள கையின் முழங்கையை மடக்கி விலாவொடு ஒட்டிவைத்து, வயிற்றின் முன்னிருந்து முன்கையை மட்டும் வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். முழங்கை விலாவை விட்டு அகலாதிருக்க, இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தூணை நோக்கி நின்று, படகு வலிப்பது போல இரு கைகளாலும் பட்டையை மார்பின் பக்கங்களுக்கு இழுத்தல். இது முதுகை வலுப்படுத்தும்.

மூன்றாவது கால்களுக்குரியது. வளையமான பட்டையை முழங்கால்களுக்குச் சற்று மேலே அணிந்து, சிறிது குந்திய நிலையில் பக்கவாட்டில் அடியெடுத்து நடக்க வேண்டும். ஆடுகளத்தில் இடமும் வலமும் பாய்வதற்கு வேண்டிய இடுப்புத் தசைகள் இதனால் உரம்பெறும். நான்காவது, பட்டையை இரு கைகளாலும் மார்பின் முன் நீட்டிப் பிடித்து, உடலைத் தூணுக்கு எதிர்ப்புறமாக மெல்லத் திருப்புதல். ஐந்தாவதே சமநிலைக்கு உரியது. ஒற்றைக்காலில் நின்று, முழங்காலைச் சிறிது மடக்கி, பட்டையை இழுத்து விடுதல் வேண்டும். பட்டை ஒருபுறம் இழுக்க, வீழாது நிற்கும்போது, கணுக்கால் முதல் இடுப்பு வரை எல்லாத் தசைகளும் ஒன்றுக்கொன்று துணைபுரியக் கற்கின்றன. கட்டுமரத்தில் நின்றவன் அலையிடம் கற்ற பாடத்தை, மாணவன் பட்டையிடம் கற்கின்றான்.

ஒவ்வொரு பயிற்சியையும் பத்து முதல் பதினைந்து முறை வரை, இரண்டு சுற்றுகள் செய்தல் போதும். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள், இடையில் ஒருநாள் ஓய்வொடு செய்வது தக்கது. இழுப்பதில் மட்டுமன்றி விடுவதிலும் பயன் உண்டு. ஆதலால் பட்டையைச் சட்டென விட்டுவிடாது, மெல்லத் திரும்பவிட வேண்டும். மூச்சை அடக்குதல் ஆகாது. தொடங்குமுன் பட்டையில் வெடிப்பு உண்டா என்று பார்த்தல் இன்றியமையாதது. அறுந்த பட்டை முகத்தில் அடித்தால் கண்ணுக்குக் கேடு விளையும். வெயிலும் எண்ணெயும் ரப்பரை நலிவிக்கும். ரப்பர் ஒவ்வாதவர்க்குத் தோல் சிவந்து தடிக்கும். அவர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். நோவு தோன்றினால் உடனே நிறுத்தி, ஆசிரியரிடம் கூற வேண்டும்.

தமிழ்நாட்டு டென்னிஸ் வீரர் வரலாறும் இவ்வுண்மையை விளக்கும். நாகர்கோவிலில் 1937-ஆம் ஆண்டில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தையாரிடமே ஆட்டத்தைக் கற்றார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கு அரையிறுதி வரை முன்னேறினார். அவர் ஆட்டம் வன்மையான அடிகளாற் சிறந்ததன்று. பந்துக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற காலத்தில், நிலைகுலையாது நின்று நயமாக ஆடியதாற் சிறந்தது. விஜய் அமிர்தராஜ் என்பார் இளமையில் அடிக்கடி நோயுற்று மெலிந்திருந்தவர். உடல் தேறட்டும் என்றே பெற்றோர் அவரை ஆடுகளத்துக்கு அனுப்பினர். அச்சிறுவரே 1973-ஆம் ஆண்டிலும் 1981-ஆம் ஆண்டிலும் விம்பிள்டனில் காலிறுதி எய்தினார். மெலிந்த உடலும் முறையான பயிற்சியால் உரம்பெறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எண்ணூர் போன்ற தொழில் ஊர்களில் ஆலைகளும் கிடங்குகளும் சாலைகளும் நிலத்தை நிரப்பியுள்ளன. டென்னிஸ் களத்தைக் காணாத மாணவர் அங்குப் பலர். எனினும் ஒரு முழப் பட்டைக்கும், ஒற்றைக்காலில் நிற்பதற்கும் பரந்த திடல் வேண்டுவதில்லை. வீட்டுத் தாழ்வாரமோ பள்ளியின் தூணோ போதும். மட்டையும் களமும் நாளை கிடைக்கலாம். அவை கிடைக்கும் நாளில் உடல் அணியமாக இருத்தல் வேண்டும். களம் கிட்டாமலே போயினும், தேடிய உடல்வளம் வீணாவதில்லை. சுமை தூக்கும்போதும், வழுக்கும் படியில் இறங்கும்போதும், முதுமையில் தடியின்றி நடக்கும்போதும் அது கைகொடுக்கும்.

இழுக்கும் பட்டைக்கு எதிராக இழுத்தே தசை வளர்கின்றது. எதிர்ப்பே இல்லாதவிடத்து வளர்ச்சியும் இல்லை. வாழ்வில் வரும் இடர்களும் அப்பட்டையை ஒத்தவையே. அவற்றை ஒரே வீச்சில் அறுக்க முயல்பவன் காயமுறுவான். நிலைதளராது, அளவறிந்து, நாள்தோறும் எதிர்நின்று பழகுபவன் வலிமை பெறுவான்.