பழைய வண்டிக்கு எண்ணெய்க் காப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மாட்டு வண்டிக் காலத்தில் நம் முன்னோர் அச்சுக்கு மை இடாமல் வண்டி பூட்டியதில்லை. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துச் செய்த அந்த மை, அச்சும் சக்கரமும் உராய்ந்து தேயாமல் காத்தது. மாடு போய் மோட்டார் வந்தது. ஆனால் உராய்வு போகவில்லை. அதைத் தணிக்கும் எண்ணெயின் தேவையும் போகவில்லை.

எங்கள் வீடு பொழிச்சலூரில் உள்ளது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார், 2014-ஆம் ஆண்டில் பழைய மாருதி ஓம்னி ஒன்றைத் தவணைக்கு வாங்கினார். பம்மல், பல்லாவரம் பகுதிகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிச் செல்வதே எங்கள் பிழைப்பு. 1984-இல் விற்பனைக்கு வந்து, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. மூன்று சிலிண்டர், 796 சி.சி.; எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் இருக்கும்.

2015 டிசம்பர் கனமழையில் அடையாறு கரை புரண்டு எங்கள் தெருவுக்குள் புகுந்தது. வண்டி இருக்கை மட்டம் வரை நீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் தந்தையார் சேற்றைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்துச் சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது, நாங்கள் கைதட்டினோம். சில நிமிடங்களில் ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து டிப் ஸ்டிக் எனும் அளவுக் குச்சியை உருவிக் காட்டினார். எண்ணெய், பால் கலந்த காப்பியைப் போல் இருந்தது. பேரிங்குகள் தேய்ந்து போயிருந்தன. அம்மாவின் நகை அடகுக்குப் போயிற்று. வண்டி மறுபடி ஓடும் வரை தந்தையார் கூலி வேலைக்குப் போனார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நீர் பட்டால் எஞ்சின் ஏன் கெட வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

விடை நம் கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது. உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, எஃகுக் குண்டைப் போட்டு, அது இறங்கும் நேரத்தை அளந்து பாகுநிலை காணும் ஸ்டோக்ஸ் முறையை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். பாகுநிலை என்பது திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதை எதிர்க்கும் தன்மை. எஞ்சினில் கிராங்க் தண்டு சுழலும்போது, தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய் ஆப்புப்போல் இழுக்கப்பட்டு, அழுத்தம் பெற்று, தண்டையே தாங்கி நிற்கிறது. இதைக் கணக்கிட்டு விளக்கியவர் ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ், ஆண்டு 1886. அந்த எண்ணெய்ப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. நீர் கலந்தால் படலம் சுமை தாங்காது. உலோகத்தோடு உலோகம் உரசும். எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

எஞ்சின் ஆயில்

உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தைக் கடத்துவதும், கரியைக் கழுவுவதும், துருவைத் தடுப்பதும் இதன் வேலைகள். டப்பாவில் 20டபிள்யூ-40 என்றிருந்தால், முதல் எண் குளிர்நிலைப் பாகுநிலையின் தரத்தையும், இரண்டாம் எண் நன்கு சூடான நிலையின் தரத்தையும் குறிக்கும். எந்தத் தரம் என்பதை வண்டியின் கையேடே சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

அளவு பார்க்க, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுதும் செருகி எடுத்தால், எண்ணெய் இரு குறிகளுக்கு இடையில் இருக்க வேண்டும். குறைவும் தீது, மிகையும் தீது. நிறம் கறுத்ததால் மட்டும் எண்ணெய் கெட்டது என்று கொள்ளலாகாது. கரியைத் தன்னுள் தாங்குவது அதன் கடமை. பால் நிறமோ பெட்ரோல் வாடையோ இருந்தால்தான் அஞ்ச வேண்டும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை நம்பி இருப்பவர் பலர். அது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் வீழ்ந்ததைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

கியர் ஆயில்

கியர் பெட்டியில் எதுவும் எரிவதில்லை. ஆதலால் இவ்வெண்ணெய் நெடுநாள் உழைக்கும். அதனாலேயே மறக்கப்படும். பக்கவாட்டுப் போல்ட்டைக் கழற்றினால், எண்ணெய் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். மாற்றும்போது ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள்; வடிக்கும் போல்ட்டைப் பிறகு திறக்கலாம். மேல் போல்ட் துருவேறித் திறக்காவிட்டால், வடித்த பெட்டியில் எண்ணெய் ஊற்ற வழியிராது! வடித்த எண்ணெயில் மாவு போன்ற இரும்புத் தூள் இயல்பு. சில்லுகள் வந்தால் பல் உடைகிறது என்று பொருள்.

ஓம்னி பின்சக்கர இயக்கமுடையது. ஆகவே பின் அச்சின் கிரவுன் பெட்டிக்கும் தனி எண்ணெய் உண்டு. ஆட்டோமேடிக் வண்டிகளுக்கு உரிய திரவம் வேறு. பெரும்பாலும் சிவப்பு நிறம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றலாகாது.

பழைய வண்டி வாங்குவோர்க்கு

முந்தைய உரிமையாளர் எப்போது எண்ணெய் மாற்றினார் என்று தெரியாவிட்டால், வாங்கியவுடன் அனைத்தையும் பில்டரோடு மாற்றி, நாளையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த கணத்தில் கனெக்டிங் ராடு வளையும். எண்ணெய்கள் எல்லாவற்றையும் வடித்து மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எங்கள் ஊரில் அது அடையாற்றில்தான் போய்ச் சேரும்.

இன்று எங்கள் வண்டியின் நோட்டை எழுதுபவள் நான். ஞாயிறு காலையில் இருக்கையைத் தூக்கிக் குச்சியை நான்தான் பார்க்கிறேன். ஸ்டோக்ஸ் முறையைத் தந்தையாருக்கு விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா உங்கம்மா வளையல் கையிலயே இருந்திருக்கும்மா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நாம் கற்கும் பாடம் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், வீட்டு வாசலில் நிற்கும் வண்டி வரை செல்ல வேண்டும் என்பதே என் அவா.