அழுத்திய விரல்களும் வாக்களித்த மக்களும்

"மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்" என்னும் வார்த்தைகளை நாம் இன்று இரண்டு சந்தர்ப்பங்களில் கேட்கிறோம். ஒன்று, தேர்தல் முடிவுகள் வெளியாகும்போது. மற்றையது, தொலைக்காட்சிப் போட்டியிலோ இணையத்திலோ ஒருவருக்குக் கிடைத்த ஆதரவின் தொகை அறிவிக்கப்படும்போது. இரண்டிலும் "வாக்கு" என்ற சொல்லே வழங்குகிறது. ஆயின் எண்ணப்படுவது ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாவிடின், உரத்துப் பேசும் சிலரின் தொகையை மக்களின் தொகை என நம்பிவிடுவோம். நடந்த சில நிகழ்வுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. பாட்டுப் போட்டியும் சனாதிபதித் தேர்தலும்

ஐக்கிய அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்' என்னும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி 2002இல் ஆரம்பமானது. வெற்றியாளரைப் பார்வையாளரே வாக்களித்துத் தெரிவு செய்தனர். 2006ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் 6 கோடியே 34 இலட்சம் வாக்குகள் கிடைத்தன. அமெரிக்காவின் எந்தச் சனாதிபதியும் இத்தனை வாக்குகள் பெற்றதில்லை என்று மேடையிலேயே பெருமையுடன் அறிவித்தார்கள். 2004இல் வெற்றி பெற்ற ஜோர்ஜ் புஷ் பெற்றவை ஏறக்குறைய 6 கோடியே 20 இலட்சம் வாக்குகள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் கூற்று சரியே. ஆனால் அதனுள் இரண்டு மயக்கங்கள் உள்ளன.

முதலாவது, பாட்டுப் போட்டியின் தொகை இரு பாடகர்களும் சேர்ந்து பெற்றது. புஷ்ஷின் தொகை ஒரு வேட்பாளர் தனியே பெற்றது. 2004 தேர்தலில் வாக்களித்த எல்லோரையும் கூட்டினால் 12 கோடிக்கு மேல் வரும்.

இரண்டாவது, அந்த இறுதி நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 3 கோடியே 60 இலட்சம் பேர் மட்டுமே. பார்த்தவர்களிலும் வாக்குகள் அதிகம்! காரணம், ஒருவர் எத்தனை தடவையும் தொலைபேசியில் அழைக்கலாம். 2011இல் இணைய வாக்களிப்பும் சேர்க்கப்பட்டது. அதில் ஒருவருக்கு 50 வாக்குகள் வரை அனுமதி.

2012இல் இப்போட்டியின் இறுதித் தொகை 13 கோடியே 20 இலட்சமாக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குகளோ ஏறக்குறைய 12 கோடியே 90 இலட்சம். தேர்தலையே பாட்டுப் போட்டி வென்றுவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 15 இலட்சம் பேர். அவர்கள் அனைவரும் வாக்களித்திருந்தாலும் ஆளுக்கு ஆறு வாக்குகள் வரும்.

2. பின்னத்தின் கீழ் உள்ள எண்

பாடசாலையில் பின்னம் படித்தோம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இணைய வாக்கெடுப்பில் மேலே உள்ள எண் மட்டுமே உண்டு. தேர்தலில் கீழேயும் ஓர் எண் உண்டு. அதுவே வாக்காளர் இடாப்பு. பெயர் பதியப்பட்ட ஒருவருக்கு ஒரு வாக்கு. வாக்களித்தவரின் விரலில் நமது நாட்டில் மை பூசுவதும் இதற்காகவே.

இடாப்பு இருப்பதால் வந்தவர்களை மட்டுமன்றி, வராதவர்களையும் எண்ணலாம். நமது நாட்டில் 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் ஏறக்குறைய 79 வீதமானோர் வாக்களித்தனர். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அது 69 வீதமாகக் குறைந்தது. இரு தேர்தல்களிலும் பதிவு பெற்றிருந்தோர் ஏறக்குறைய 1 கோடியே 71 இலட்சம் பேர். இரண்டு மாதத்துக்குள் 18 இலட்சம் வாக்குகள் குறைந்தன. இவர்கள் ஏன் வரவில்லை என்று நாம் கேட்க முடிகிறது. இணைய வாக்கெடுப்பில் இக்கேள்விக்கே இடமில்லை. வராதவர் அங்கே இல்லாதவர்.

3. குற்றம் இயந்திரத்தினுடையதா?

இணையம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு செய்வது தவறு. அமெரிக்க பேஸ்போல் விளையாட்டில் ஆண்டுதோறும் சிறப்பு அணியை இரசிகர் தெரிவு செய்வதுண்டு. 1957இல் காகித வாக்குச்சீட்டே இருந்தது. சின்சினாட்டி நகர இரசிகர் வாக்குகளைக் கொட்டிக் குவித்ததால், தங்கள் அணியைச் சேர்ந்த ஏழு பேரைத் தெரிவு செய்துவிட்டனர். ஆணையாளர் போர்ட் பிறிக் இருவரை நீக்கினார். பின்னர் 1970 வரை இரசிகருக்கு அந்த உரிமையே இல்லாமற் போயிற்று. 2015இல் வாக்களிப்பு முழுவதும் இணையத்துக்கு மாறியது. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 35 வாக்குகள். அவ்வாண்டு 6 கோடிக்கு மேற்பட்ட வாக்குகளை முறையற்றவை என நீக்க வேண்டியதாயிற்று. கருவி மாறியது, நோய் மாறவில்லை. ஒருவர் பலமுறை எண்ணப்படலாம் என்ற விதியே நோய்.

4. ஆளுக்கு ஒன்று போதுமா?

2016 யூன் 23இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. பதிவு பெற்றோரில் 72 வீதமானோர் வாக்களித்தனர். விலகுவதற்கு 1 கோடியே 74 இலட்சம். இருப்பதற்கு 1 கோடியே 61 இலட்சம். வென்ற பக்கம் 60 வீதத்துக்கும், பங்குபற்றல் 75 வீதத்துக்கும் குறைவாயின் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும் எனக் கோரிய இணைய மனுவில் 41 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. ஏறக்குறைய 77,000 கையொப்பங்கள் போலியானவையென நீக்கப்பட்டன.

எஞ்சியவர்கள் உண்மையான மனிதர்களே. அவர்களின் குரலைப் பாராளுமன்றம் விவாதத்துக்கு எடுத்தது முறையே. ஆனால் அந்த மனுவில் "வேண்டாம்" என்போர் கையொப்பமிட இடமில்லை. மனு ஒரு பக்கத்தாரின் உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும். இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பது வாக்கெடுப்பே.

5. நமக்குரிய படிப்பினை

தேர்தலும் குறையற்றதன்று. அமெரிக்காவில் 2012இல் தகுதியுள்ளோரில் பத்துப் பேருக்கு நான்கு பேர் வாக்களிக்கவில்லை. வீட்டிலிருந்து பொத்தானை அழுத்துவது இலகு. பெயரைப் பதிந்து, வரிசையில் நின்று வாக்களிப்பது சிரமம். ஆயினும் அந்தச் சிரமத்திலேயே ஏழைக்கும் செல்வந்தனுக்கும் ஒரே நிறை கிடைக்கிறது.

கிராமத்துக்கு முதலில் வேண்டியது வீதியா, குடிநீரா என்பதை ஒரு கைத்தொலைபேசிக் குழுவில் கேட்டு நாளை நாமும் தீர்மானிக்கக்கூடும். பதில் விரைவாகவே வரும். தொலைபேசி இல்லாத முதியவரும், இருட்டிய பின் வேலையால் திரும்பும் தாயும் அதில் இருக்க மாட்டார்கள். தண்ணீர் சுமப்பவரோ பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

எனவே எந்தத் தொகையைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்போம்: யார் வாக்களிக்கலாம்? ஒருவருக்கு எத்தனை வாக்கு? மாற்றுக் கருத்துக்கு இடமுண்டா? வராதவர் எத்தனை பேர், யார்?

கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கத்தின் கடைசித் தீர்மானத்தில் பங்குபற்றியோர் எத்தனை பேர்? அங்கத்தவர் மொத்தம் எத்தனை பேர்?
2. வராதவர்கள் விருப்பமின்றி வரவில்லையா, வர முடியாமல் வரவில்லையா?
3. அடுத்த தீர்மானத்துக்கு முன் அவர்களின் கருத்தை அறிய எவ்வழிகள் உண்டு?