குருதியும் மடைத் திறப்பும்

உடற்கட்டுகள் ஏழென வகுத்த நம் மருத்துவ முன்னோர், சாரத்தினின்று செந்நீரும், செந்நீரினின்று ஊனும், அம்முறையே கொழுப்பும் என்பும் மச்சையும் பிறவும் தோன்றுமெனக் கொண்டனர். மச்சையாவது என்பினுள் நிறைந்திருக்கும் மென்பொருள். அவர்தம் வரிசையிற் செந்நீர் முந்தியது, மச்சை பிந்தியது. இக்கால ஆராய்ச்சியோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. வளர்ந்த மனிதர்க்குக் குருதியணுக்கள் பிறக்குமிடம் அம்மச்சையே. முறை பிறழினும், என்பினுள் மறைந்து கிடந்த அப்பொருளைத் தனியே பெயரிட்டு எண்ணிய கூர்மையை யாம் வியவாதிருத்தல் இயலாது.

நிற்க. வளர்ந்த ஒருவர் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் செவ்வணுக்கள் புதியனவாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் 120 நாளளவு உழைத்து மாய்கின்றது. செவ்வணு உயிர்வளியைச் சுமக்கும். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளோடு பொருதும். தட்டணுக்கள் புண்வாயை அடைக்கும். தொழிலால் இத்துணை வேறுபட்ட இவை யாவும் குருத்தணு என்னும் ஒரு மூலத்தினின்றே கிளைக்கின்றன. கனடா நாட்டு டொரான்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு நிகழ்த்தி 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளே இவ்வுண்மைக்கு வழி திறந்தன.

இனி ஓர் ஐயம் எழும். நிறைவுற்ற செவ்வணு தன் கருவையே வெளியேற்றிவிடும். அதனை நீக்கி நோக்கின், ஏனைய அணுக்களுள் இருக்கும் மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு ஒன்று செவ்வணுவாகும் வழியிற் செல்வதும் மற்றொன்று வெள்ளணுவாவதும் எங்ஙனம்? (மரபணு என்னும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டமையின் யாமும் அதனையே ஆள்கின்றோம். உண்மையில் அஃது அணுவன்று; நெடிய இழையொன்றன் கூறேயாம்.)

பத்தமடையில் வளர்ந்த எமக்கு இதனை விளக்குதற்கு இரண்டு காட்சிகள் கைவசம் உள. ஒன்று பாய்த்தறி. பருத்தி நூற்பாவு விரித்த தறியருகே சாயமிட்ட கோரையும் இடாத கோரையும் கிடக்கும். அவற்றைக் கொண்டே வெறும் பாயும் நெய்யலாம்; மணமக்கள் பெயர் பொறித்த திருமணப் பாயும் நெய்யலாம். எக்கோரையை எவ்விடத்துச் செலுத்துவது என்னும் தேர்வே பாயை வேறுபடுத்துகின்றது. ஆயின் இவ்வுவமை பாதி வழியே வரும். தறியில் நெசவாளர் ஒருவர் அமர்ந்து தேர்கின்றார். அணுவினுள் அவ்வாறு அமர்ந்திருப்பார் எவருமிலர். ஆதலின் எம் ஊர்ப்பெயரிலேயே உள்ள மடை என்னும் சொல் இன்னும் நன்கு பொருந்தும். தாமிரபரணி நீர் கால்வாய் நிறைய வரினும் மடை திறந்தாலன்றி வயலுக்குப் பாயாது. அதுபோல ஒவ்வொரு மரபணுவுக்கும் அதனை இயக்கும் ஒரு பகுதி முன்னே அமைந்துள்ளது. அங்கே சில புரதங்கள் வந்து பொருந்தின் மரபணு தொழிற்படும். வேறு சில பொருந்தின் அடைபடும். அப்புரதங்களும் பிற மரபணுக்களின் விளைவே. ஒரு மடையிற் பாய்ந்த நீரே அடுத்த மடையைத் திறந்தும் மற்றொன்றை அடைத்தும் செல்வதாக எண்ணிக்கொள்க. குருத்தணு குருதியணுவாக வளரும் நெறி ஒருவாறு விளங்கும்.

கருவிலிருக்கும் குழவிக்கு ஒருவகைச் செந்நிறப் புரதம் உண்டு. பிறந்த சில திங்களில் அதன் மடை அடைபட்டு, வேறுவகை அவ்விடத்தைப் பெறும். அடைப்பதில் தலைநின்ற காவலன் பி.சி.எல். 11ஏ என்னும் புரதமென்பது 2008 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பின்வந்த வகை பழுதாயின் அரிவாளணு நோய் முதலியன தோன்றும். நீலகிரிப் பழங்குடியினரிடையே இவ்வணு உண்டென்பது 1952 ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. அக்காவலனைச் செவ்வணு வழியில் மட்டும் தளர்த்திக் கருவிற்குரிய புரதத்தை மீட்டெழுப்பும் மருத்துவத்திற்கு 2023 ஆம் ஆண்டின் இறுதியிற் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதலளித்தன.

எம் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது பிறிதொரு நோய். குருதி உறைதற்கு வேண்டும் எட்டாங்காரணி என்னும் புரதம் சிலர்க்குப் பிறப்பிலேயே குறைவு. கடுமையான வகையினர்க்கு நூற்றில் ஒரு பங்கும் இராது. மூட்டுகளுக்குள் தானே குருதி கசிந்து, வீங்கி, நாளடைவிற் கால் முடங்கும். இதற்குரிய மரபணு எக்ஸ் என்னும் இழையில் இருத்தலின், பழுதைத் தாய் சுமப்பாள். நோயை மகன் நுகர்வான். எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில், முழங்கால் வீங்கிக் கிடந்த சிறுவனைக் காட்டி, "உன் வயிற்றில் வந்த வினை" என்று அவன் தாயை ஏசக் கேட்டிருக்கின்றோம். அவ்வாறு ஏசுவோர் அறியாத செய்தி ஒன்றுண்டு: இந்நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொருவர்க்குக் குடும்பத்தில் முன்னம் நோயே இராது, பழுது புதிதாகவே தோன்றியிருக்கும். மரபின்வழி வந்ததாயினும் அதில் அவள் செய்த குற்றம் யாது?

காரணியை ஊசிவழிச் செலுத்தலாம். ஆயின் ஏறத்தாழ அரைநாளில் அதிற் பாதி அழிந்துபோம். ஆகவே வாரத்திற்கு இருமுறையோ மும்முறையோ ஆயுள் முழுதும் செலுத்தல் வேண்டும். விலையோ எளியோர்க்கு எட்டாதது. நல்ல மரபணுவைக் குருத்தணுவினுள்ளேயே புகுத்திவிட்டால் என்னை? குருத்தணு ஆயுள் முழுதும் இருப்பதாதலின் பயனும் நிலைக்குமன்றோ?

எளிதாகத் தோன்றும் இவ்வெண்ணத்துள் ஒரு பேரிடர் இருந்தது. பாரிஸ் நகரில், நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு 1999 ஆம் ஆண்டு முதல் இவ்வாறு மரபணு புகுத்தினர். பலர் தேறினர், எனினும் அவருட் சிலர்க்கு வெண்குருதிப் புற்றுநோய் கண்டது. புகுத்திய பொருளோடு சென்ற வலிய மடை, அருகிருந்த எல்.எம்.ஓ. 2 என்னும் வேறொரு மரபணுவையும் சேர்த்துத் திறந்துவிட்டமையே காரணமென 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தன் வயலுக்கு வெட்டிய வாய்க்கால் அயலான் வயலை அழித்த கதை இது. ஆகவே எந்த மரபணுவைப் புகுத்துவது என்பதினும், அதற்கு எந்த மடையை அமைப்பது என்பதே பெருங்கேள்வியாயிற்று.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும், அங்குள்ள குருத்தணு ஆராய்ச்சி நிலையத்தாரும், அமெரிக்க நாட்டு எமோரி பல்கலைக்கழகத்தாரும் கூடி மேற்கொண்ட முயற்சியில் இக்கேள்விக்கு அளித்த விடை நுட்பமானது. அலோக் ஸ்ரீவஸ்தவா என்னும் மருத்துவர் இதனைத் தலைமையேற்று நடத்தினார். மனிதர்க்குரிய எட்டாங்காரணியில் பன்றிக்குரியதன் சில பகுதிகளை இணைத்து, மிகுதியாகச் சுரக்கும் வடிவொன்றை எடுத்துக்கொண்டனர். அதன் முன்னே சி.டி. 68 என்னும் மரபணுவின் மடையைப் பொருத்தினர். அம்மடை குருத்தணுவில் ஏறக்குறைய உறங்கும். வெள்ளணுக்களுள் ஒருவகையாகிய ஒற்றையணு வழியிற் சென்றபின்னரே விழிக்கும். எட்டாங்காரணி இயல்பாகச் சுரப்பது ஈரலின் நுண்குழாய்ச் சுவரில். அத்தொழிலறியா வெள்ளணு இம்மடையின் வலியால் அதனைக் கற்றுக்கொள்கின்றது!

செய்முறை எளிதன்று. நோயாளியின் குருத்தணுக்களைக் குருதிவழிப் பிரித்தெடுத்து, தீமை களைந்த லென்டி வகைக் கிருமியால் (எய்ட்ஸ் நோய்க் கிருமியும் அவ்வகையினதே) மரபணுவைப் புகுத்தி, வன்மருந்தால் பழைய மச்சையை ஒழித்து, மாற்றிய அணுக்களைத் திரும்பச் செலுத்தினர். அவ்வன்மருந்தின் துன்பம் சிறிதன்று. இதனை மறைத்துப் புகழுரை மட்டும் கூறும் செய்தித்தாள்களோடு யாம் உடன்படோம்.

2024 ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதன் பயன் வெளியாயிற்று. மருத்துவம் பெற்றோர் ஐவர். முதல் இருவர்க்குக் காரணியின் அளவு குறைவாகவே இருந்தது. அணுவினுட் புகுதலைப் பெருக்கும் பொருளொன்றைச் சேர்த்தபின் வந்த மூவர்க்கு அது நன்கு உயர்ந்தது. ஆயினும் அறிக்கைக் காலத்தில் ஐவருள் ஒருவர்க்கேனும் குருதிக்கசிவு நேர்ந்திலது. ஐவர் என்பது சிறு தொகையே. பாரிஸில் நேர்ந்த புற்றுநோயும் சில ஆண்டுகள் கழிந்தே தலைகாட்டியது. எனவே இவர்தம் குருதியைப் பல ஆண்டுகள் இடையறாது ஆராய்ந்து, புகுந்த மரபணு எவ்வெவ்விடங்களில் அமர்ந்துள்ளது, அயல் மடை ஏதேனும் திறந்துளதா என நோக்கிவருதல் மருத்துவர் கடன். அந்நோக்கு முடியுங்காறும், வீங்கிய முழங்காலோடு இருக்கும் சிறுவர்க்கு வாரந்தோறும் வேண்டுவது காரணி ஊசியே.