வகுப்பறை மதிப்பீடு: படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளையின் கல்வி உதவிநிதி நேர்காணலுக்கு வரும் பெற்றோரில் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பரீட்சையை எடுத்துவிட்டார்களே, பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" கையில் கொண்டுவரும் ரிப்போர்ட்டில் மதிப்பெண் இல்லை. வகுப்பில் எத்தனையாவது என்பதும் இல்லை. பாடத்தின் பெயருக்கு எதிரே 2, 3, 4 என்று ஓர் எண் இருக்கிறது.

சிலர் 3 என்பதை நூற்றுக்கு முப்பது என்று எடுத்துக்கொண்டு பிள்ளையை ஏசுகிறார்கள். வேறு சிலர் "பாஸ்தானே, போதும்" என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வகையிலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். ஆகவே இந்த இதழில் அந்த எண் எப்படி வருகிறது, அதை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

என்ன மாறியது?

நம்மில் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. எழுதினோம். 1993-இல் அது பி.எம்.ஆர். ஆனது. 2014-இல் பி.டி.3 வந்தது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பி.டி.3 நடக்கவில்லை. 2022-இல் கல்வி அமைச்சு அதை நீக்கிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டே ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டது.

இதனால் "இனி எஸ்.பி.எம். வரை சோதனையே இல்லை" என்று பலர் எண்ணிவிட்டார்கள். அது சரியல்ல. ஒரு நாளில் நடந்து முடிந்த சோதனை இப்போது ஆண்டு முழுவதும் வகுப்பறையிலேயே நடக்கிறது. இதற்குப் பெயர் வகுப்பறை மதிப்பீடு. மலாயில் பென்தக்சிரான் பிலிக் டார்ஜா, சுருக்கமாகப் பி.பி.டி. இதோடு ஆண்டு இறுதியில் ஊவாசா என்ற எழுத்துத் தேர்வும் உண்டு. அதை நடத்துவதும் திருத்துவதும் பள்ளி ஆசிரியர்களே. விளையாட்டு, புறப்பாடம், பிள்ளையின் ஆர்வம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. இக்கட்டுரை பி.பி.டி. பற்றி மட்டுமே பேசுகிறது.

ஆசிரியர் எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்?

இது நமக்குப் புதிய முறை அல்ல. மதரஸாவில் பிள்ளை இக்ரா ஓதும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு புத்தகங்கள். உஸ்தாத் பிள்ளையைத் தம் முன்னால் உட்காரவைத்து ஓதச் சொல்கிறார். சரளமாக ஓதினால் அடுத்த பக்கம். திக்கினால் அதே பக்கத்தை மீண்டும் ஓதிவர வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று அவர் எழுதுவதில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பள்ளியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. வகுப்பில் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதில், பயிற்சிப் புத்தகம், வீட்டுப்பாடம், சிறு சோதனை, குழு வேலை, செய்முறை, படைப்பு என்று எல்லாவற்றையும் ஆசிரியர் கவனிக்கிறார். புரியாத இடத்தில் மீண்டும் கற்பித்து, மறுபடியும் பார்க்கிறார். இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் அடைவு நிலையைத் தீர்மானிக்கிறார். மலாயில் தஹாப் பெங்குவாசான். பிள்ளைகள் டி.பி. என்று சொல்வது இதைத்தான். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை இது பெற்றோருக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். அடைவு நிலை என்பது சோதனை மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து வரும் சராசரி அல்ல. அது ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதும் அல்ல. பாடத்திட்டம் இதைக் கற்றிருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிள்ளை அதில் எதுவரை வந்திருக்கிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது.

ஆறு நிலைகளும் ஒரு கணக்கும்

அடைவு நிலைகள் ஆறு. முதலாம் படிவக் கணிதத்தில் பித்தாகரஸ் தேற்றம் என்று ஒரு பாடம் வருகிறது. அதை வைத்தே ஆறையும் விளங்கிக்கொள்ளலாம்.

நிலை 1: அடிப்படை தெரியும். செங்கோண முக்கோணத்தைக் காட்டினால், அதன் மிக நீளமான பக்கம் எது, அதற்குக் கர்ணம் என்று பெயர் எனப் பிள்ளை சொல்லும்.

நிலை 2: புரிந்திருக்கிறது. மூன்று பக்கங்களுக்கும் இடையே உள்ள உறவைப் பிள்ளையால் விளக்க முடியும்.

நிலை 3: புரிந்ததைப் பயன்படுத்தத் தெரியும். இரண்டு பக்கங்கள் 3, 4 என்று கொடுத்தால் கர்ணம் 5 எனக் கணக்கிட்டுத் தரும்.

நிலை 4: வாழ்க்கையில் வரும் எளிய கணக்கில் பயன்படுத்தும். 5 மீட்டர் ஏணியின் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஏணி எவ்வளவு உயரத்தைத் தொடும் என்று கேட்டால், படம் வரைந்து 4 மீட்டர் என்று சொல்லும்.

நிலை 5: பல படிகள் உள்ள சிக்கலான கணக்கைச் செய்யும். இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த ஒரு நிலத்தின் சுற்றளவைக் கேட்டால், முதல் முக்கோணத்தில் கிடைத்த விடையை இரண்டாவதற்கு எடுத்துச் சென்று முடிக்கும்.

நிலை 6: பழகாத சிக்கலைத் தானே யோசித்துத் தீர்க்கும். கடையில் புதிதாகப் போட்ட கவுன்டரின் மூலை நேராக இருக்கிறதா என்று அளவு நாடாவை மட்டும் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர், மறுபக்கம் 80 சென்டிமீட்டர் குறித்துக்கொண்டு, இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் சரியாக 100 சென்டிமீட்டர் இருந்தால் மூலை நேர் என்று சொல்லி, ஏன் என்பதையும் விளக்கும்.

மற்ற பாடங்களிலும் இதே ஏறுவரிசைதான். தெரிதல், புரிதல், பயன்படுத்துதல், பிறகு ஆழம். வரலாற்றில் சம்பவத்தின் ஆண்டை மட்டும் சொல்லும் பிள்ளைக்கும், அது ஏன் நடந்தது, அதனால் என்ன விளைந்தது என்று விளக்கும் பிள்ளைக்கும் ஒரே எண் கிடைக்காது.

3 என்றால் என்ன?

அமைச்சின் விதிப்படி 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. ஆகவே 3 எடுத்த பிள்ளை தோற்ற பிள்ளை அல்ல; ஏசுவதற்கு ஒன்றும் இல்லை. பாடத்தைப் புரிந்து, செய்யவும் தெரிந்த பிள்ளை அது.

ஆனால் "குறைந்தபட்சம்" என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. மேலே உள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள். நேரடியாக எண்களைக் கொடுத்தால் 3-இல் உள்ள பிள்ளை செய்துவிடும். அதே கணக்கை ஏணி, சுவர் என்று வாக்கியமாகக் கொடுத்தால் தடுமாறும். எஸ்.பி.எம். தாளில் வாக்கியக் கணக்குகள் நிறைய வரும். முதலாம் படிவத்தில் 3 நல்ல தொடக்கம். மூன்றாம் படிவத்தின் முடிவிலும் அதே பாடத்தில் 3 என்றால் பிள்ளைக்கு உதவி தேவை.

1 அல்லது 2 என்றால் தாமதிக்கவே கூடாது. அந்த நிலையில் உள்ள மாணவருக்கு ஆசிரியர் மீண்டும் கற்பித்து மேலே கொண்டுவர வேண்டும் என்பது இந்த முறையின் ஒரு பகுதி. வீட்டிலிருந்து நாமும் கேட்டால் அது விரைவாக நடக்கும்.

ஆசிரியர் நினைத்தபடி போடுகிறாரா?

பல பெற்றோரின் மனத்தில் உள்ள சந்தேகம் இது. "வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளைக்கு 5, பிடிக்காத பிள்ளைக்கு 2" என்று சொல்பவர்களும் உண்டு. ஆசிரியர் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பாடத்தின் கலைத்திட்ட ஆவணத்திலும் நிலைவாரியாக எழுதப்பட்டுள்ளது. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடித் தங்கள் அளவுகோலை ஒருமுகப்படுத்த வேண்டும், பள்ளி நிர்வாகம் கண்காணிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் மனிதர் செய்யும் மதிப்பீட்டில் கூடுதல் குறைவு வரலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளை ஆசிரியர் கண்ணில் படாமல் போகலாம். இதற்கு வழி சண்டை அல்ல. "என் மகளுக்கு எந்த வேலையை வைத்து இந்த நிலை கொடுத்தீர்கள் டீச்சர், கொஞ்சம் காட்டுவீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நல்ல ஆசிரியர்கள் இப்படிக் கேட்கும் பெற்றோரை வரவேற்கவே செய்கிறார்கள்.

ஏன் இப்போதே கவனிக்க வேண்டும்?

பி.எம்.ஆர்., பி.டி.3 இருந்த காலத்தில் மூன்றாம் படிவத்தில் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. முடிவு வந்த அன்று குடும்பமே விழித்துக்கொண்டது. இப்போது அந்த மணி இல்லை. மெல்லிய குரலில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ரிப்போர்ட்தான் எச்சரிக்கை. அதைக் கேட்காத குடும்பம் முதல் முறையாக விழிப்பது எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில். அதற்குள் ஐந்து ஆண்டுகள் போய்விட்டிருக்கும்.

மூன்றாம் படிவம் முடிந்ததும் நான்காம் படிவத்திற்கான பாடத் தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியல் தொகுதியா, கணக்கியலா, தொழிற்கல்வியா என்பது அப்போது முடிவாகிறது. இயற்கணிதத்தில் 2-இல் நிற்கும் பிள்ளையைக் கூடுதல் கணிதத்தில் சேர்த்தால் அது முதல் மாதமே திணறும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த இரண்டு பாடங்களின் எண்ணை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முதலில் பாருங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. ரிப்போர்ட் வாங்கும் நாளில் தாயோ தந்தையோ நேரில் செல்லுங்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டாவது செல்லுங்கள். பெரிய பிள்ளையை அனுப்பிவைப்பது போதாது.

2. ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? எந்த இடத்தில் நின்றுவிட்டது? அடுத்த நிலைக்குப் போக வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பதிலை எழுதி வைத்து, அடுத்த சந்திப்பில் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

3. போன ரிப்போர்ட்டையும் இந்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரிப்போர்ட் நமக்குத் தேவையில்லை. 2 என்பது 3 ஆகியிருந்தால் பிள்ளையைப் பாராட்டுங்கள். 4 என்பது 3 ஆகியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

4. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளையாக இருந்தால், தடை பாடத்திலா மொழியிலா என்று பிரித்தறியுங்கள். அறிவியல் கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். தமிழில் சரியாகச் சொன்னால் அதற்கு அறிவியல் டியூஷன் தேவையில்லை. மலாய் வாசிப்புப் பயிற்சிதான் தேவை. தவறான இடத்தில் செலவழிக்கும் பணம் வீண்.

5. பள்ளி நடக்கும் நாள்களில் பிள்ளையை ஊருக்கோ உம்ராவுக்கோ அழைத்துச் செல்வதைக் கூடியவரை தவிர்த்து, விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். "பரீட்சை இல்லாத மாதம்தானே" என்ற பழைய கணக்கு இப்போது பொருந்தாது. இரண்டு வாரம் வராத பிள்ளை இரண்டு வாரப் பாடத்தையும் அதற்கான மதிப்பீட்டையும் இழக்கிறது. போகத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லி, விடுபடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

6. படைப்பு வேலையைப் பிள்ளையே செய்யட்டும். கடையில் அச்சடித்து வாங்கிக் கொடுத்தாலோ, அக்கா செய்து கொடுத்தாலோ, ஆசிரியர் மதிப்பிடுவது அக்காவைத்தான். பிள்ளையின் குறை மறைந்தே இருக்கும்.

7. வாரத்தில் ஒருநாள் இரவு சாப்பாட்டிற்குப் பிறகு, "இந்த வாரம் படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அத்தாவுக்கோ உம்மாவுக்கோ அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறருக்கு விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் புரிந்திருக்கிறது. மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை "ஏன்?" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

மலாயில் பேசத் தயங்கிப் பள்ளிக்குப் போகாமல் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தயக்கம் புரிகிறது. தெரிந்த மலாயில் பேசுங்கள், போதும். முடியாவிட்டால் உறவினர் ஒருவரையோ, பள்ளியிலுள்ள தமிழ் ஆசிரியரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை விளங்கிக்கொள்ள உதவி தேவைப்படுவோர் வார நாள்களில் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்திற்கு வரலாம். கடைசி இரண்டு ரிப்போர்ட்டுகளையும் கொண்டுவாருங்கள்; பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அதை வைத்துக்கொண்டே அதைப்பற்றிப் பேசுவது நல்லது.

பிள்ளைகளின் கல்வி நம்மிடம் உள்ள அமானிதம். ஆண்டு முழுவதும் ஆசிரியர் கவனித்துப் போட்ட அந்த எண்ணை ஐந்து நிமிடம் உட்கார்ந்து படிப்பது நம்மால் முடியாத காரியம் அல்ல. அடுத்த ரிப்போர்ட் வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் படியுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்