நல்லா இருந்ததா என்று வேதாளம் கேட்பதில்லை

வடபழனி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மருமகனுக்கு,

நீ படம் பிடித்து அனுப்பிய இரண்டு பக்கங்களையும் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் உங்கள் பள்ளி வாசகர் வட்டத்தில் 'ஹாரி பாட்டர்' முதல் புத்தகத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து எழுதி வரச் சொன்னார்கள் என்றாய். ஒன்றரைப் பக்கம் கதைச் சுருக்கம். மிச்ச அரைப் பக்கத்தில், விறுவிறுப்பாக இருந்தது, கீழே வைக்க மனம் வரவில்லை, எல்லோரும் படிக்க வேண்டிய நூல். உன் நண்பன் எழுதியது இன்னும் சுருக்கம்: "மொக்கை. சின்னப் பிள்ளைங்க படிக்கிறது."

கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். உனக்குப் பொழுது போனது, அவனுக்குப் போகவில்லை. இதே வரிகளைத் துப்பறியும் கதைக்கும் எழுதலாம், சினிமாவுக்கும் எழுதலாம். மந்திரக் கதைக்கென்று கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத்தந்த வாத்தியார் நம்மிடமே ஒருவர் இருக்கிறார், முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

இந்த வடபழனியிலிருந்துதான் பல ஆண்டுகள் அம்புலிமாமா வந்துகொண்டிருந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. அதில் வேதாளக் கதைக்கு ஓவியர் சங்கர் போட்ட படத்தை உன் அம்மாவைக் கேள், கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்: உருவிய வாளோடு ராஜா, தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. வழி நெடுக வேதாளம் கதை சொல்லும். முடித்ததும் "கதை எப்படி?" என்று கேட்காது. இதில் யார் செய்தது நியாயம், ஏன் என்று கேட்கும். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை சுக்குநூறாகிவிடும். விக்கிரமாதித்தன் "நல்லா இருந்தது" என்று சொல்லித் தப்பித்த கதை ஒன்றுகூட இல்லை.

ஒரு கதையைச் சொல்கிறேன். ஒருவன் தேவி கோயிலில் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்கிறான். தேடிப் போன மைத்துனனும் அதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறான். கடைசியில் உள்ளே வந்த மனைவி உயிரை விடப் போகும்போது தேவி தடுத்து, தலைகளை உடல்களில் பொருத்து, பிழைப்பார்கள் என்கிறாள். பதற்றத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. இப்போது அவள் கணவன் யார்? உறுப்புகளில் தலையே பிரதானம், ஆகவே கணவனின் தலை யாருக்கோ அவனே கணவன் என்று ராஜா தீர்ப்புச் சொல்கிறான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் 'கதாசரித்சாகர'த்தில் இந்தக் கதையைச் சேர்த்தார். ராஜாவின் பதில் எல்லோருக்கும் போதவில்லை. மைத்துனனை நண்பனாக்கிய ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940-ல் ஒரு குறுநாவல் எழுதினார். கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதன' நாடகம் எழுதியது 1971 வாக்கில். ராஜா தீர்ப்போடு நிறுத்திய இடத்திலிருந்து இவர்கள் தொடங்கினார்கள். தலை மாறிய பிறகு அந்த உடல்கள் என்ன ஆகும், அந்தப் பெண் உண்மையில் யாரை விரும்பினாள் என்று கேட்டார்கள். ஒரு மந்திரக் கதைக்கு ஒரு வாசகன் சொன்ன கருத்தை மறுக்க, இன்னொரு வாசகன் ஒரு முழு நாடகமே எழுதியிருக்கிறான். கருத்து என்றால் அவ்வளவு பெரிய காரியமாகவும் இருக்கலாம்.

சரி, என்ன கேட்பது? நான் பிடித்துவைத்திருப்பது ஒரே கேள்வி. இந்த மந்திரத்துக்கு விலை என்ன, அதைக் கொடுப்பது யார்?

மணிமேகலையை எடுத்துக்கொள். உ.வே.சா. 1898-ல் பதிப்பித்துத் தந்த காப்பியம். உங்கள் பாடத்தில் அமுதசுரபி வரை வந்திருக்கும், அதற்குமேல் வந்திருக்காது. மணிபல்லவத் தீவில் அந்தப் பெண்ணுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: உருமாற ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசியை அடக்க ஒன்று. துரத்தி வரும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப, அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அவனோ சந்தேகம் தீராமல் பின்னாலேயே வருகிறான். அந்த நேரம் பார்த்துக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வந்து சேர்கிறான். தன் மனைவியை எவனோ தொடர்கிறான் என்று எண்ணி இளவரசனை வெட்டிவிடுகிறான். மந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை, சொன்னபடி வேலை செய்தது. ஆனால் ஒரு உயிர் போனது. மகனைப் பறிகொடுத்த அரசி மணிமேகலையைச் சிறையில் போட்டுப் பட்டினி போடுகிறாள், அங்கே அவளைக் காப்பாற்றுவது மூன்றாவது மந்திரம். காப்பியத்தை எழுதிய சாத்தனார் இந்தப் பெண்ணுக்குச் சக்தியைக் கொடுத்துவிட்டு, அதன் கணக்கையும் கையில் கொடுத்துவிடுகிறார். இதைவிடத் துணிச்சலான மாயக் கதை நம் மொழியில் எனக்குத் தெரியாது.

இப்போது உன் புத்தகத்துக்கு வா. ரசவாதக் கல் பொன்னும் தரும், சாகா மருந்தும் தரும். அதன் சொந்தக்காரர் நிக்கோலஸ் பிளமெல்லுக்கு வயது 665. கடைசியில் கல் அழிக்கப்படுகிறது, அவரும் சம்மதித்தே. அப்படியென்றால் அவரும் மனைவியும் சாகப் போகிறார்கள். உன் சுருக்கத்தில் "கல் அழிந்தது, தீமை தோற்றது" என்று ஒரு வரி. ஆறு நூற்றாண்டு யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்த மனிதர், எவனோ ஒரு கொடியவன் திருட வந்தான் என்பதற்காகத் தன் உயிரை விட்டுக்கொடுக்க வேண்டுமா? வேதாளம் உன் தோளில் இருந்தால் இதைத்தான் கேட்கும். ஆசைப்பட்டதைக் காட்டும் அந்தக் கண்ணாடியையும் நீ விட்டுவிட்டாய். அதில் ஹாரி செத்துப்போன அப்பா அம்மாவைப் பார்க்கிறான், ராத்திரி ராத்திரியாக அதன் முன்னால் போய் உட்காருகிறான். மந்திரம் காட்டும், திருப்பித் தராது. எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான். துடைப்பத்தில் பறக்கும் ஆட்டமெல்லாம் நான் பக்கம் தள்ளிப் படித்தவை.

பதினாறு வயதுப் பையனின் கருத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 1936-ல் லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளர், டோல்கீனின் 'ஹாபிட்' கைப்பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். சிறுவர் புத்தகத்தைச் சிறுவர்தான் மதிப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. கருத்து எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் கதையைச் சுருக்கி எழுதி, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்தான். (பத்து வயது ஆனவனுக்கு ஒன்பது வயதுக்காரர்கள் குழந்தைகள்தானே.) அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. அந்த ரேனரே பெரியவனாகிப் பதிப்பகத்தில் இருந்தபோதுதான், ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் போட அப்பாவின் சம்மதம் வாங்கினார். ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கின் கைப்பிரதியும் பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பியதுதான். ப்ளூம்ஸ்பரி நிறுவனத் தலைவரின் எட்டு வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதி எங்கே என்று நச்சரித்தாள். 1997-ல் கெட்டி அட்டையில் 500 பிரதிகளோடு அது வெளிவந்தது.

எதிர்க்கருத்தும் கேட்டுக்கொள். மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதை அதற்கு 29 ஆண்டுகள் முன்பே, 1968-ல், அர்சுலா லெகுவின் தன் 'எர்த்சீ' நாவலில் எழுதிவிட்டார். அதில் கெட் என்ற பையன் வீம்புக்காக, செத்தவர்களின் உலகத்திலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியே வந்துவிடுகிறது. திறந்த அந்த வாசலை மூடுவதில் பள்ளியின் முதுபெரும் மந்திரவாதி உயிரை விடுகிறார். பையன் மிச்சப் புத்தகம் முழுக்க அந்த நிழலிடமிருந்து ஓடுகிறான், பிறகு அதைத் துரத்துகிறான். கெட் நம்மைப் போல மாநிறத்துக்காரன். லெகுவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். ஆனால் அட்டை போட்டவர்கள் பலர் அவனை வெளுப்பாக்கினார்கள். 2004-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் வெள்ளைக்கார நடிகரையே போட்டார்கள். லெகுவின் வெளிப்படையாகவே சண்டை போட்டார். நான் அந்த நாவலை வாங்கியது பழைய மூர் மார்க்கெட்டில். நீ கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில்தான் அந்தச் சந்தை இருந்தது, 1985-ல் எரிந்துபோயிற்று. ரௌலிங்கின் முதல் புத்தகத்தைப் பற்றி லெகுவின் சொன்ன கருத்து காரசாரமானது: நடை சாதாரணம், கற்பனையில் இரவல் அதிகம், அறத்தில் கொஞ்சம் சின்னப்புத்தி. கடைசி வார்த்தைக்குத் திரும்பி வருகிறேன்.

உன் பாட்டி, சூனியப் புத்தகம் வீட்டுக்கு ஆகாது என்கிறாள். உங்கள் அறிவியல் ஆசிரியர், மூடநம்பிக்கையை வளர்க்கும் என்கிறார். எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து இருவரும் ஒரே இடத்தில் நிற்பது வேடிக்கைதான். அமெரிக்காவிலும் 2000 முதல் 2009 வரை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்தது இந்த வரிசை மீதுதான். நான் ஒப்புக்கொள்வதில்லை. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்திருப்பாய்: வசியம், ஏவல், பிரிந்தவர் சேர, உடனடிப் பலன், தொலைபேசி எண். அந்த மந்திரம் தோற்காது, எல்லையில்லை, யாருக்கும் சேதமில்லை. நல்ல மாயநாவல் படித்துப் பழகியவனுக்கு அதைப் பார்த்ததும் சந்தேகம் வரும். உங்கள் மொட்டைமாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவதைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளை, ராத்திரி துடைப்பத்தில் பறக்கும் கதையும் படிக்கட்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டான்.

உங்கள் வட்டத்தில் இதுவரை பேசியவர்களில் எனக்குப் பிடித்தது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் அந்தப் பெண் சொன்னதாக நீ போகிற போக்கில் எழுதிய வரி. மந்திரம் எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை, ஹாரிக்கு வந்த கடிதம்தான் நின்றது என்றாளாமே. உறையின் மேல் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை என்று முகவரி எழுதியிருந்ததே, அது. 1990-களிலிருந்து கும்மிடிப்பூண்டியில் அந்த முகாம் இருக்கிறது. 2021-ல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமைக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஒதுக்கப்பட்ட ஒரு மூலையின் முகவரி பிசகாமல் எழுதித் தன் பெயருக்கு ஒரு அழைப்பு வருவதைவிடப் பெரிய மாயம் என்ன இருக்கிறது? நீயும் நானும் அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே கடந்து போனோம். அவள் கருத்தில் "சூப்பர்" இல்லை, "மொக்கை" இல்லை. ஒரு இடம் இருக்கிறது. அவளை அதை இரண்டு பக்கம் எழுதச் சொல்.

நீயும் திருத்தி எழுது. கதைச் சுருக்கத்தை ஐந்து வரிக்குள் அடக்கு, வட்டத்தில் எல்லோரும் படித்த புத்தகம்தானே. மந்திரம் பலிக்காத இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படி. அலுத்த இடத்தை அலுத்தது என்றே சொல், எந்தப் பக்கம் என்றும் சொல். பிடித்த எழுத்தாளர் என்பதற்காகச் சலுகை வேண்டாம்.

சின்னப்புத்தி என்று லெகுவின் எந்த இடத்தை நினைத்துச் சொன்னாரோ, எனக்கு நினைவுக்கு வருவது கடைசி விருந்துதான். பள்ளியின் அணிகளில் ஸ்லிதரின் 472 புள்ளி, ஹாரியின் கிரிஃபிண்டார் 312. மண்டபம் முழுக்க ஸ்லிதரினின் பச்சைத் தோரணம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தலைமையாசிரியர் டம்பிள்டோர் எழுந்து ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60 என்று கூட்டிச் சமமாக்கி, நண்பர்களையே தடுத்து நின்ற துணிச்சலுக்காக நெவிலுக்கு 10 கொடுத்து வெற்றியை மாற்றுகிறார். தோரணம் நிறம் மாறுகிறது. நீ "புல்லரித்தது" என்று எழுதியிருக்கிறாய். புள்ளிகள் நியாயமானவைதான், நெவிலின் பத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றை முந்தின நாளே கொடுத்திருக்கலாம். ஆண்டு முழுக்கப் படித்து, ஆடிப் புள்ளி சேர்த்த ஸ்லிதரின் பிள்ளைகளில் பதினோரு வயதுக் குழந்தைகளும் உண்டு. கல்லைத் திருட வந்தவனுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அவர்களைக் கொண்டாட உட்காரவைத்துவிட்டுப் பிடுங்கியது ஒரு தலைமையாசிரியர் செய்யக்கூடிய காரியமில்லை என்பது என் தீர்ப்பு. நீ கிரிஃபிண்டார் பக்கம் என்று தெரியும். மறுத்து எழுது, காரணத்தோடு.

அக்காவைக் கேட்டதாகச் சொல். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவளை வாசலிலேயே நிறுத்தி ஹாரி பாட்டர் பேசாதே.

அன்புடன்,
மாமா