சம்பளம் உயர்ந்தால் வேலை கடல் கடக்குமா?

கேள்வி: பெங்களூரில் கணினித் துறைச் சம்பளம் ஏறிக்கொண்டே போவதால், அந்நியக் கம்பெனிகள் தங்கள் வேலைகளை வேறு தேசங்களுக்கு மாற்றிவிடுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மாற்றத்தான் செய்கின்றன, ஆயினும் சம்பளம் ஒன்றே அதற்குக் காரணம் என்று நினைத்துவிடலாகாது. டாட்டா கன்சல்டன்ஸி 2002-இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோவிலும், இன்ஃபோசிஸ் 2004-இல் செக் குடியரசின் புர்னோவிலும் கிளை திறந்தபோது, அங்கே கூலி பெங்களூரைவிட மலிவாயிருக்கவில்லை. ஸ்பானிஷ், ஜெர்மன் பாஷைகளில் சரளமாய்ப் பேசுவோரும், வாடிக்கைக்காரர் விழித்திருக்கும் வேளையிலேயே பணிபுரிவோரும் அங்கே கிடைத்தார்கள் என்பதே விசேஷம்.

பிலிப்பைன்ஸின் கதை இன்னும் சுவாரசியமானது. 2010-ஐ ஒட்டித் தொலைபேசி வழிச் சேவையில் அந்நாடு நம்மை முந்திற்று. 1898 முதல் 1946 வரை, இடையில் ஜப்பானியர் பிடித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, அமெரிக்க ஆதிக்கத்தில் இருந்த அத்தேசத்தில் ஆங்கிலம் அமெரிக்கச் சாயலுடனேயே பள்ளிக்கூடங்களில் வேரூன்றிவிட்டபடியால், கிரெடிட் கார்டுக் கணக்கில் தகராறு செய்துகொண்டு பேசும் சிகாகோக்காரருக்கு மணிலாப் பெண்ணின் உச்சரிப்பு அந்நியமாய்த் தோன்றுவதில்லை. (ஏகாதிபத்தியத்துக்கு இப்படியும் ஒரு விளைவு!)

உள்நாட்டிலேயே, வாடகையும் சம்பளமும் குறைவான கோவைக்கும் மதுரைக்கும் வேலை வந்திருக்கிறது. அதில் நமக்கு லாபமே.

மற்றபடி, தாங்கள் குறிப்பிடும் உயர்வு அநுபவஸ்தர்களுக்கே உரியது. பெரிய கம்பெனிகளில் புதிதாய்ச் சேரும் சாதாரண பட்டதாரிக்கு வருஷத்துக்குச் சுமார் 3, 3½ லட்சம் ரூபாய் என்ற ஆரம்பச் சம்பளம், பத்து வருஷத்துக்கும் மேலாக அநேகமாய் அப்படியே நிற்கிறது.